கொன்றவர் ஒருவர், குறுகுறுப்பு எல்லோருக்கும்: பழைய காலத்துக் கொலை மர்மப் படங்கள்

ஒரு பெரிய வீடு. காலம் ஏறக்குறைய 1930. வீட்டுப் பெரியவர் தன் அறையில் நாற்காலியில் சாய்ந்தபடி இறந்து கிடக்கிறார். மேசையில் பாதி குடித்த கோப்பை. அன்றிரவு வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: அவருடைய இரண்டாவது மனைவி, முதல் மனைவிக்குப் பிறந்த மகன், மருமகள், கல்யாணமே செய்துகொள்ளாத தங்கை, குடும்ப வக்கீல், முப்பது வருடமாக அங்கேயே இருக்கும் சமையல்காரம்மா. வெளியாள் வந்து போன தடயம் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் விசாரிக்க ஓர் அதிகாரி வருகிறார்.

இது எந்தப் படமும் இல்லை, விளக்குவதற்காக நான் இட்டுக்கட்டிய கதை. நிஜப் படங்களை எடுத்துக்கொண்டால் முடிவைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அதனால் இந்த ஆறு பேரையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

இந்த மாதிரிப் படங்களுக்குப் புதியவர்கள் முதலில் கேட்பது "யார் கொன்றது?" என்றுதான். அதில் தப்பே இல்லை, படமும் நம்மை அப்படித்தான் கேட்க வைக்கிறது. ஆனால் சில படங்களை விடை தெரிந்த பிறகும் மறுபடி பார்க்க முடிகிறது, சிலவற்றைப் பத்து நிமிடம்கூடப் பார்க்க முடிவதில்லை. அந்த முதல் வகைப் படங்களில் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். கொலை செய்தது ஒருவர்தான் என்றால், மீதி ஐந்து பேரும் ஏன் செய்தவர்கள் மாதிரியே முழிக்கிறார்கள்? குடும்ப ரகசியத்தையும் குற்ற உணர்வையும் வைத்துப் பின்னப்பட்ட கொலை மர்மம் என்ற வகைக்கு உயிர்நாடியே இந்தக் கேள்விதான் என்பேன்.

மூன்று காலம், மூன்று கதை

துப்பறியும் கதை என்பது உண்மையில் இரண்டு கதைகள் என்று ஸ்வெட்டான் தோதரோவ் என்ற இலக்கியக் கோட்பாட்டாளர் 1966-இல் எழுதினார். ஒன்று, குற்றம் நடந்த கதை. அது நாம் படிக்க ஆரம்பிக்கும்போதே முடிந்துபோயிருக்கிறது, நம் கண்ணில் படுவதில்லை. இரண்டாவது, விசாரணைக் கதை. அது நம் முன்னால் நடக்கிறது, ஆனால் அதில் பெரிதாக எதுவும் நிகழ்வதில்லை. ஆட்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், கதவுகள் திறக்கின்றன, பழைய காகிதங்கள் கிடைக்கின்றன. இரண்டாவது கதையின் வழியாக முதல் கதையை மீட்டெடுப்பதுதான் மொத்த விளையாட்டும்.

குடும்ப ரகசியப் படங்களில் இதற்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று உண்டு. கொலைக்கும் பல வருடம் முன்னால் நடந்த ஓர் அநியாயம். நம் வீட்டில் அது இப்படி இருக்கட்டும்: 24 வருடத்துக்கு முன் அந்தத் தங்கைக்கு, கல்யாணம் ஆகாமலே, ஒரு குழந்தை பிறந்தது. அண்ணன், அதாவது இப்போது செத்துக் கிடக்கும் பெரியவர், குழந்தை இறந்துவிட்டது என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, அதை இரவோடு இரவாக யாரிடமோ கொடுத்துவிட்டார். துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவர் சமையல்காரம்மா. தேவையான காகிதங்களைத் தயார்செய்தது வக்கீல்.

இப்போது கொலையைப் பாருங்கள். அதிகாரி நேற்று இரவைப் பற்றிக் கேட்கிறார். வீட்டில் மூன்று பேருக்கு அந்தக் கேள்வி 24 வருடத்துக்கு முந்தைய இரவைப் பற்றிக் கேட்பதுபோலவே காதில் விழுகிறது. அவர்கள் பதில் தடுமாறுவது அதனால்தான். அதிகாரிக்கு அது தெரியாது, நமக்கும் தெரியாது. தடுமாற்றம் மட்டும்தான் தெரிகிறது.

இந்த அமைப்பு சினிமா கண்டுபிடித்தது இல்லை. 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் சோபாக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் நாடகத்தில், முந்தைய ராஜாவைக் கொன்றவனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று விசாரணையில் இறங்குகிறான் ஈடிபஸ். சாட்சிகளை வரவழைக்கிறான், மிரட்டுகிறான், குறுக்குக் கேள்வி கேட்கிறான். பின்னோக்கிப் போகப் போக, கொன்றவன் தானே என்றும், கொல்லப்பட்டவர் தன் அப்பா என்றும் தெரிகிறது. அங்கேயும் ஒரு குழந்தையைக் கொண்டுபோய்க் கொல்லச் சொல்லப்பட்ட, மனசு கேட்காமல் அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்ட வேலையாள் ஒருவர் இருக்கிறார். நான் இட்டுக்கட்டிய கதை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு நிஜக் கொலை

பெரிய வீட்டுக் கொலை மர்மங்களின் நிஜ வேர் என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால், 1860-இல் இங்கிலாந்தில் ரோட் என்ற கிராமத்தில் நடந்த கொலையைச் சொல்லவேண்டும். ஜூன் 29-ஆம் தேதி இரவு சாமுவேல் கென்ட் என்ற தொழிற்சாலை ஆய்வாளரின் வீட்டிலிருந்து, இன்னும் நாலு வயது நிரம்பாத அவருடைய மகன் சாவில் காணாமல் போனான். மறுநாள் தோட்டத்துப் பழைய கழிப்பறைக் குழியில், கழுத்து அறுபட்ட நிலையில் உடல் கிடைத்தது. வீட்டில் இருந்த ஒருவர்தான் செய்திருக்க முடியும் என்று தோன்றியது.

லண்டன் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜாக் விச்சர் என்ற துப்பறியும் அதிகாரி வந்தார். அவர் தோண்டத் தோண்ட வீட்டின் கதை வெளியே வந்தது. கென்ட்டின் முதல் மனைவிக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லப்பட்டு, அவர் உயிரோடு இருக்கும்போதே வீட்டு நிர்வாகம் பிள்ளைகளின் ஆசிரியையாக வந்த பெண்ணின் கைக்குப் போயிருந்தது. முதல் மனைவி இறந்தபின் அந்த ஆசிரியையே இரண்டாவது மனைவியானார். இறந்த சிறுவன் அவருக்குப் பிறந்தவன். முதல் மனைவியின் மகள் கான்ஸ்டன்ஸுக்கு அப்போது வயது 16. நாலு வருடம் முன்னால் அந்தப் பெண் தன் முடியை வெட்டி எறிந்துவிட்டு, ஆண் வேஷத்தில் தம்பி வில்லியமோடு வீட்டைவிட்டு ஓடியிருக்கிறாள். வெட்டிய முடியை அவள் போட்ட இடம், சிறுவனின் உடல் கிடைத்த அதே கழிப்பறை.

விச்சரின் கையில் இருந்த முக்கியத் துப்பு ஒன்றே ஒன்று. கான்ஸ்டன்ஸின் இரவு உடைகளில் ஒன்றைக் காணவில்லை. அதை வைத்து அவளைக் கைது செய்தார். ஊரே கொதித்தது. கௌரவமான வீட்டுப் பெண்ணைச் சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு போலீஸ்காரன் சந்தேகப்படுவதா, அந்த வீட்டு அலமாரியையும் துணிமணியையும் கிளறுவதா என்று பத்திரிகைகள் திட்டின. கான்ஸ்டன்ஸ் விடுதலையானாள், விச்சரின் பெயர் கெட்டது.

ஐந்து வருடம் கழித்து, 1865-இல், ஒரு மதகுருவின் பராமரிப்பில் இருந்த கான்ஸ்டன்ஸ் தானாகவே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். புதிய சாட்சி இல்லை, புதிய தடயம் இல்லை, யாரும் துரத்தவும் இல்லை. மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 20 வருடம் சிறையில் இருந்து 1885-இல் வெளியே வந்தார். அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வேறு பெயரில் நர்ஸாக வேலை பார்த்து, 1944-இல் தன் நூறாவது வயதில் இறந்தார். அவர் சொன்னது முழு உண்மையா, தம்பி வில்லியமைக் காப்பாற்றப் பழியைத் தான் ஏற்றுக்கொண்டாரா என்ற விவாதம் இன்றைக்கும் ஓயவில்லை.

இந்த வழக்கில் எல்லாம் இருக்கிறது. மூடிய வீடு, இரண்டு தாரத்துப் பிள்ளைகள், வெளியாள் நுழைந்து கிளறும் அவமானம், குற்ற உணர்வால் வந்த வாக்குமூலம், அந்த வாக்குமூலத்தின் மேலேயே சந்தேகம். காணாமல் போன இரவு உடையும் விச்சரின் சாயலும் 1868-இலேயே வில்கி காலின்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் ஒரு நாவலுக்குள் புகுந்துவிட்டன. அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை.

ஆறு பேரும் பொய் சொல்கிறார்கள்

நம் வீட்டுக்குத் திரும்பலாம். அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இரவு பத்து மணிக்கு எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்கிறார். ஆறு பேரும் பொய் சொல்கிறார்கள்.

இரண்டாவது மனைவி தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். உண்மையில் அவர் தன் நகையை அடகு வைக்க ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார், தன் தம்பியின் கடனை அடைக்க. மகன் புத்தகம் படித்துக்கொண்டிருந்தானாம். உண்மையில் உயில் விஷயமாக அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, "நீங்கள் செத்தால்தான் எனக்கு விடிவு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மருமகள் அவனை விட்டுப் போய்விட முடிவுசெய்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வக்கீல் தன் பொறுப்பில் இருந்த குடும்பப் பணத்தில் கை வைத்திருக்கிறார். தங்கைக்கு அன்று மாலைதான் ஒரு கடிதம் கிடைத்தது, குழந்தை சாகவில்லை என்று. சமையல்காரம்மா தங்கையின் அறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்தார், பார்க்கவில்லை என்கிறார்.

ஆறு பொய், ஆறு காரணம். அவற்றில் ஒன்றுதான் கொலையை மறைக்கிறது. மீதி ஐந்தும் மானத்தை மறைக்கின்றன. பார்ப்பவரைத் திசைதிருப்ப ஒரு மோசமான படம் எங்கிருந்தோ சம்பந்தமில்லாத தடயங்களைக் கொண்டுவந்து போடும்: ஜன்னலுக்கு வெளியே ஒரு கறுப்பு உருவம், தோட்டக்காரன் கையில் ரத்தம், கடைசியில் பார்த்தால் கோழி அறுத்தது. நல்ல படத்தில் திசைதிருப்பும் துப்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் நிஜமான துயரம். விசாரணை அதைத் தாண்டிப் போய்விடும், ஆனால் அது உடைத்தது உடைத்ததுதான். மருமகள் பெட்டி கட்டியது கொலைக்குச் சம்பந்தமில்லை என்று அதிகாரி அடித்துவிடுவார். புருஷனுக்கு அது தெரிந்துபோயிற்றே.

குற்றம் ஓரிடம், குற்ற உணர்வு இன்னோரிடம்

கொலை என்பது ஒரு செயல், அதைச் செய்தவர் ஒருவர் இருப்பார். குற்ற உணர்வுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அது செய்யாதவரைப் பிடித்து ஆட்டும், செய்தவரைத் தொடாமலும் போகும்.

மகனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சாகவேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னான், ஒரு மணி நேரத்தில் அது நடந்துவிட்டது. அவன் விஷத்தைத் தொடவே இல்லை. ஆனால் தான் நினைத்ததுதான் நடந்தது என்ற எண்ணம் அவனை விடாது. அவன் கை நடுங்கும், யார் கண்ணையும் பார்க்கமாட்டான். சமையல்காரம்மா 24 வருடமாக அந்த வீட்டுத் தங்கைக்குத் தினமும் சோறு போட்டிருக்கிறார், ஒரு நாளும் உண்மையைச் சொல்லாமல். எதிரில் இருப்பவர் அழுவதைப் பார்த்துக்கொண்டே வாய் மூடியிருந்த பாரம் அவருக்கு. மறுபக்கம், கொன்றவர் யாராக இருந்தாலும், செத்தவர் செய்த காரியத்துக்கு இது சரியான கூலி என்று நம்பினால் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

இதில்தான் இந்தப் படங்களின் மிக நேர்த்தியான ஏமாற்று வேலை இருக்கிறது. நடுங்குகிற கையைப் பார்த்தால் நாம் உடனே சந்தேகப்படுகிறோம். முகத்தில் தெரியும் குற்ற உணர்வையே குற்றத்துக்கான சாட்சியமாக எடுத்துக்கொள்கிறோம். இயக்குநர் நம்மிடம் பொய் எதுவும் சொல்லவில்லை, அந்த நடுக்கம் நிஜம். அதன் காரணத்தைத்தான் நாம் தப்பாகப் படித்துவிட்டோம். நடிகர்களுக்கு இந்த வகை பிடித்துப்போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஒரே பார்வைக்கு முதல் தடவை ஓர் அர்த்தம், இரண்டாவது தடவை வேறு அர்த்தம் வரும்படி நடிக்கவேண்டியிருக்கிறது.

இன்னும் ஒரு நுணுக்கம். இறந்தவரும் இதில் சேர்த்தி. பல படங்களில் பெரியவர் சாவதற்குச் சில நாள் முன்னால் விநோதமாக நடந்துகொண்டிருப்பார்: யாருக்கோ பணம் அனுப்பியிருப்பார், உயிலை மாற்றக் கூப்பிட்டிருப்பார். அவருக்கே மனசு உறுத்த ஆரம்பித்திருக்கும். பழைய தப்பைச் சரிசெய்ய அவர் எடுத்த முயற்சிதான் சில சமயம் அவர் உயிரையே வாங்குகிறது.

ஏன் பழைய காலம்?

உடையும் காரும் அழகாக இருக்கும் என்பது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், ரகசியத்துக்கு அந்தக் காலத்தில் இருந்த விலை.

இங்கிலாந்தின் சட்டத்தையே பாருங்கள், ஏனென்றால் இந்த வகையின் பெரும்பகுதி அங்கேதான் வளர்ந்தது. 1857-இன் சட்டப்படி மனைவி சோரம் போனதைக் காட்டினாலே கணவன் விவாகரத்து வாங்கலாம். மனைவிக்கு அது போதாது, கூடவே கொடுமை, கைவிட்டுப் போனது என்று இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்கவேண்டும். அந்த வேறுபாடு 1923-இல்தான் போனது. கொடுமையை மட்டுமே காரணமாகக் காட்டலாம் என்று ஆனது 1937 சட்டத்துக்குப் பிறகு. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையை, பெற்றோர் பிற்பாடு மணந்துகொண்டால் முறையான வாரிசாக ஏற்கும் சட்டமும், முறையான தத்தெடுப்புச் சட்டமும் 1926-இல்தான் வந்தன. அதற்கு முன் ஒரு குழந்தை கைமாறினால் அதற்குச் சட்டப்படியான பதிவே இருக்காது. 1938 வரை ஒரு தகப்பன் நினைத்தால் மனைவி மக்களுக்கு ஒரு காசுகூட வைக்காமல் உயில் எழுதலாம். நம் வீட்டு மகன் ஏன் அப்படிக் கத்தினான், தங்கை ஏன் 24 வருடம் எதையும் விசாரிக்க வழியில்லாமல் இருந்தாள் என்பதெல்லாம் இந்த வருடங்களுக்குள் இருக்கிறது. இன்றைக்கு இதே குடும்பம் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் பிரிந்து போய்விடும்.

உயிலுக்காகக் கொல்வதில் ஒரு சிக்கலும் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க்கில் ஒரு பேரன், தாத்தா உயிலை மாற்றிவிடுவாரோ என்று பயந்து 1882-இல் அவருக்கு விஷம் வைத்தான். தன் குற்றத்தால் ஒருவர் லாபம் அடையக்கூடாது என்று 1889-இல் அங்கே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, சொத்து அவனுக்குப் போகவில்லை. இங்கிலாந்திலும் இதே கொள்கைதான். எனவே சொத்துக்காகக் கொல்பவர் பிடிபட்டால் சொத்தும் போய்விடும், சந்தேகம் வேறொருவர் மேல் விழுந்தால்தான் அவருக்கு நிம்மதி. குடும்பத்துக்குள்ளேயே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கும் காட்சிகள் அங்கிருந்து பிறக்கின்றன.

அறிவியலும் ஒரு பக்கம். ரத்தக் கறை மனிதனுடையதா மிருகத்தினுடையதா என்று பிரித்துச் சொல்லும் சோதனை 1901-இல்தான் வந்தது. ரோட் வீட்டில் அந்த இரவு உடை கிடைத்திருந்தாலும் விச்சருக்குப் பாதி உதவிதான். டிஎன்ஏ அடையாள முறை 1984-இல். இவை இல்லாதவரை அதிகாரிக்கு இருக்கும் முக்கியமான கருவி பேச்சு. ஆட்களைப் பேசவைத்து, பேச்சு எங்கே முரண்படுகிறது என்று பார்க்கவேண்டும். நாடகத்துக்கு அது வசதி. விஷத்தில் மட்டும் ஓரளவு வழி இருந்தது. ஆர்சனிக்கைக் கண்டறியும் நம்பகமான சோதனை 1836-இலேயே வந்துவிட்டது. 1851-இல் இங்கிலாந்தில் ஆர்சனிக் வாங்குபவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும் என்று சட்டம் வந்தது. படத்தில் அதிகாரி மருந்துக் கடையில் போய்ப் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் இதைத்தான் தேடுகிறார்.

கடைசியாக, தூக்குக் கயிறு. பிரிட்டனில் கொலைக்கு மரண தண்டனை நிறுத்தப்பட்டது 1965-இல். அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் படத்தில், "கொன்றது இவர்தான்" என்று அதிகாரி விரல் நீட்டினால் இன்னோர் உயிரும் போகக்கூடும். அந்த விரல் நீளாமல் தயங்கும் படங்களும் உண்டு.

பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு

சினிமாவின் சொந்த ஆயுதம் பின்னோக்குக் காட்சி. ஒருவர் வாக்குமூலம் சொல்ல ஆரம்பித்ததும் காட்சி கரைந்து அந்த நாளுக்குப் போகிறது. நாமும் கண்ணால் பார்த்ததால் நம்பிவிடுகிறோம். ஹிட்ச்காக் 1950-இல் எடுத்த ஒரு படத்தில் பின்னோக்குக் காட்சியே பொய்யாக இருந்தது, அதைச் செய்திருக்கக்கூடாது என்று பின்னாளில் அவரே சொன்னார். எனக்கு அது அவ்வளவு பெரிய பாவமாகத் தெரியவில்லை. யார் வாயிலிருந்து அந்தக் காட்சி கிளம்புகிறது என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.

துப்புகளை நமக்குக் காட்டாமல் கடைசியில் திடீரென்று விடையை நீட்டும் படங்கள் மேல்தான் எனக்குக் கோபம் வரும். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் 1929-இல் துப்பறியும் கதைக்கென்று பத்துக் கட்டளைகளே வகுத்தார். துப்பறிபவர் கண்ணில் படும் துப்பு வாசகர் கண்ணிலும் பட்டாகவேண்டும் என்பது அதில் ஒன்று. இன்னொன்று, முன்னறிவிப்பில்லாமல் இரட்டையரைக் கொண்டுவரக்கூடாது! இரட்டை வேடத்தை நம்பியே வாழ்ந்த திரையுலகங்களுக்கு இந்த விதி கொஞ்சம் கஷ்டம்தான்.

தமிழில் தொடங்கவேண்டுமென்றால் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாட்டே இல்லாத படம். 1943-இல் சென்னை மேல் ஜப்பானியக் குண்டு விழுந்த நேரத்தில் கதை நடக்கிறது, அதாவது படம் வந்தபோது 11 வருடப் பழைய காலம். ஒரு ரேடியோ என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறார், மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள், ஒவ்வொருவர் பேச்சிலும் அவர் வேறு ஆளாகத் தெரிகிறார். முதல் தடவை யார் கொன்றது என்றே பாருங்கள், அதுதான் சுவாரசியம். இரண்டாவது தடவை பார்க்கும்போது அதிகாரி பேசிக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டு, அதே அறையில் சும்மா நின்றுகொண்டிருப்பவர்களைக் கவனியுங்கள்.